மாதம் ஓர் இலை

ஆரோக்கியநாதனிடம் செடி வாங்குகிறவர்களுக்குச் செடியோடு ஓர் அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். "கை வைக்காதீங்க." அவ்வளவுதான். உரம் போடட்டுமா, விளக்கை மாற்றட்டுமா, கொஞ்சம் தள்ளி வைக்கட்டுமா என்று அவர்கள் எதைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். ஒரு பெண்மணி தினம் காலையில் செடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதாக எழுதியிருந்தார். "அக்கா, அது என்ன சோறா, வெந்துச்சான்னு பார்க்க?" என்று பதில் அனுப்பினார். அந்த அக்கா அதற்குப் பிறகு எழுதவில்லை.

அவர் விற்பது மீன் தொட்டிக்குள் வளர்க்கிற நீர்ச்செடிகள். அதிலும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோ என்று சோம்பேறிகளாகப் பார்த்துப் பொறுக்கிய வகைகள். வேகமாக வளர்கிற செடிக்குக் கரியமில வாயு சிலிண்டர் வேண்டும், பளீரென்று விளக்கு வேண்டும், வாரம் ஒரு முறை கத்தரிக்கோல் வேண்டும். இவருடைய செடிகளுக்கு எதுவும் வேண்டாம். அரைவெளிச்சமும் குழாய்த் தண்ணீரும் போதும். மாதத்துக்கு ஓர் இலை விடும். சில மாதம் அதுவும் விடாது, யார் போய்க் கேட்பது?

ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடியில் பதினோராவது மாடி வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, அதற்குள் செடிகளை வைத்திருக்கிறார். துணி இப்போது முன்னறையில் காய்கிறது. அனுபியாஸுக்கு இஞ்சியைப் போல ஒரு தடித்த தண்டு உண்டு. அவரும் அவரிடம் வாங்குகிறவர்களும் அதை 'இஞ்சி' என்றே சொல்வார்கள். அந்த இஞ்சியைக் கருங்கல் துண்டில் தையல் நூலால் கட்டித் தண்ணீருக்குள் வைத்துவிட வேண்டும். மணலில் புதைத்தால் அழுகிவிடும். வேலை என்றால் இவ்வளவுதான். மீதியெல்லாம் சும்மா இருப்பது. சும்மா இருப்பதில் ஆரோக்கியநாதனை மிஞ்ச இந்தத் தீவில் ஆளில்லை.

அவருடைய பெயரை வைத்து ஊரே செய்துவிட்ட வேடிக்கையை நானும் செய்யப் போவதில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்து மூன்று வருஷம் டெக்னீஷியனாக இருந்தார். ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. பார்க்கலாம் என்றார். எட்டு வருஷம் பார்த்தார். ஒருநாள் கால் வீங்கி, சப்பாத்துக்குள் போகவில்லை. அப்போது போய்க் காட்டியதில், சிறுநீரகம் இரண்டுமே வேலை செய்வதை நிறுத்திவிட்டன என்றார்கள். வேலையை விட்டார். அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். காலை ஆறரைக்கு நாற்காலியில் சாய்ந்தால் நாலு மணி நேரம் ஒரு யந்திரம் அவருடைய ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும். நாள் ஒன்றுக்கு இரண்டு கிளாஸ் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது. வீடு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஐஸ் துண்டைச் சப்புகிற மனிதர் ஆனார்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைப்பார்கள். வலது கை நரம்புகள் சரியில்லை என்று இடது கையில் தைத்தார்கள். ஆரோக்கியநாதனோ இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கையின் விரல் நுனிகள் மரத்துப் போயின. சூடு தெரியாது, முள் குத்தினால் தெரியாது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகலாம் என்றார் டாக்டர். அதற்கும் அவர் பார்க்கலாம் என்றார்.

விரலைப் பற்றியாவது டாக்டரிடம் சொன்னார். இன்னொன்றைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அதில் வலி இல்லை, அதனால் சொல்லத் தோன்றவில்லை. டயாலிசிஸ் ஆரம்பித்த இரண்டாம் வருஷம் அவருடைய அம்மா அமலம்மாள் இறந்துபோனார். சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது அவருடைய அக்கா ஓவென்று அழுதாள். ஆரோக்கியநாதன் பெட்டி மூடியில் எத்தனை திருகாணி என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆறு. அழவேண்டும் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. வராதது கஷ்டமாகவும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. டுரியான் பழக் காலம் வந்தது, போனது. பிடித்தது பிடிக்காதது என்று எதுவும் இல்லாமல் நாள்கள் நகர்ந்தன. செடி வளர்ப்பு மட்டும் அவருக்கு ஒத்துப்போனது. அதுவும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

மரத்த விரலால் தொழிலில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அனுபியாஸ் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இஞ்சி அழுகிக்கொண்டிருக்கும், இலை மட்டும் வாரக்கணக்கில் பச்சைப்பசேலென்று நிற்கும். விரலால் அழுத்திப் பார்த்தால்தான் தெரியும். கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். கொழகொழவென்று இருந்தால் அன்றைக்கே வெட்டி எறிய வேண்டும். அதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. வலது கையால் அழுத்திப் பார்த்தார், சரிவரவில்லை. ஆகவே அழுத்திப் பார்ப்பது அவருடைய மனைவி கிளாடிஸின் வேலையாயிற்று.

கிளாடிஸ் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிளார்க். பிள்ளை இல்லை. எதையும் நாலு வார்த்தையில் முடிக்கத் தெரியாத பெண். லிஃப்டில் ஏறினால் பதினோராவது மாடி வருவதற்குள் பக்கத்தில் நிற்பவரின் குடும்பம் முழுதும் தெரிந்துகொண்டு இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கவுனைக்கூட மாற்றாமல் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகக் கையை விட்டு அழுத்துவாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது?"

"கெட்டி."

"அது?"

"இதுவும் கெட்டிதாங்க. இது... ச்சீ, கொழகொழன்னு இருக்கு."

"குடு. வெட்டணும்."

அவர் பிளேடால் அழுகலை வெட்டி, நல்ல பகுதி வெள்ளையாகத் தெரிகிறவரைக்கும் சீவிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் ஈரக் கையைக் கவுனில் துடைத்தாள்.

"நான் ஒரு டெஸ்ட் பண்ணேங்க. உங்ககிட்ட சொல்லல."

"என்ன டெஸ்ட்?"

"ரத்தம், யூரின், எல்லாம். என் கிட்னி ஒண்ணு உங்களுக்குக் குடுக்கலாமான்னு பார்க்கறதுக்கு. புருஷன் பொண்டாட்டி குடுக்கலாமாம். ரெண்டு பேருக்கும் ஒரே குரூப். எனக்கு பிரஷர் இல்ல, சீனி இல்ல, எல்லாம் கிளீன். முதல் டெஸ்ட்டு பாஸ்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

ஆரோக்கியநாதன் சீவுவதை நிறுத்தவில்லை.

"உங்க சைன் வேணும். நீங்க சைன் வச்சாத்தான் மத்த டெஸ்ட்டெல்லாம் பண்ணுவாங்க. அப்புறம் கேஎல் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். சீக்கிரம் பண்ணிட்டா நல்லதுலாங்க. எனக்கும் நாப்பத்தாறு ஆகுது. எங்க அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்துச்சு, எனக்குச் சீனி எப்ப ஏறும்னு யாருக்குத் தெரியும்? வந்துட்டா குடுக்க முடியாதாம்."

"பார்க்கலாம்" என்றார் ஆரோக்கியநாதன்.

கிளாடிஸ் எழுந்து உள்ளே போனாள். அவர் கையெழுத்துப் போட வேண்டிய பாரத்தாளைக் கொண்டுவந்து தந்தாள். அவர் அதை நான்காக மடித்து, நூல்கண்டுகள் வைத்திருக்கும் இழுப்பறையில் போட்டார். வெட்டிய செடியைக் கல்லில் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

இங்கே ஆரோக்கியநாதனுக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு அவர் பயப்படவில்லை. மனைவியை வெட்டிக் கூறுபோட மனம் வரவில்லை என்று பெரிய தியாகம் எதுவும் அவர் செய்யவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், கதை வேறு மாதிரி போயிருக்கும். அவர் காத்திருந்தார். அது வேண்டும் என்று தனக்குள் ஓர் ஆசை எழும், எழுந்ததும் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்தார். புது இலை வருவதற்கு எப்படிக் காத்திருப்பாரோ அப்படி, தோண்டிப் பார்க்காமல், அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். ஆசை வரவில்லை. வராமல் இருப்பதும் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

தவக்காலத்தில் கிளாடிஸ் ஒரு தடவை கேட்டாள். பார்க்கலாம் என்றார். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, பஸ்ஸிலேயே இரண்டாவது தடவை கேட்டாள். "பார்க்கலாம் கிளாடிஸ், என்ன அவசரம்?" என்றார். அந்த மாதங்களில் அவள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரவில்லை. தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து வந்தாள். காப்பியில் சீனி போடுவதை நிறுத்தினாள். வாசலில் புதிதாக ஒரு ஜோடி நடைச் சப்பாத்து கிடந்தது. ஆரோக்கியநாதன் அதைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

டயாலிசிஸ் மையத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி கமாலுதீனுடையது. நாற்பது வருஷமாக நாசி கண்டார் சோற்றுக் கடை நடத்தியவர். இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறார். இருதயமும் பலவீனம் என்பதால் அவருக்கு வேறு சிறுநீரகம் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இருவருக்கும் எதிரே ஓர் இரண்டடி மீன் தொட்டி இருந்தது. ஆரோக்கியநாதன் கொண்டுவந்து வைத்ததுதான். நாலு கல், நாலு அனுபியாஸ், ஒரு டஜன் சின்ன மீன்கள். டிவியில் வருகிற சமையல் நிகழ்ச்சியைப் பார்த்து வயிறெரிவதற்குப் பதிலாக அந்தத் தொட்டியைப் பார்க்கலாம் என்று மிஸ்ஸி நோர்மா அனுமதி தந்திருந்தார். நோர்மா அந்த மையத்தின் மூத்த தாதி. ஊசி குத்துவதில் அவருக்கு இணை கிடையாது.

"ஏன் நாதன், இந்தச் செடி வளருதா, பிளாஸ்டிக்கா?" என்றார் கமாலுதீன் ஒரு வெள்ளிக்கிழமை.

"வளருதுண்ணே. போன மாசம் ஒரு இலை விட்டுச்சு."

"நான் செத்ததுக்கப்புறம் இன்னொண்ணு விடுமாக்கும்."

ஆரோக்கியநாதன் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடம் எதுவென்று அவருக்கு மறக்கவில்லை. பிறகு, பேச்சோடு பேச்சாக, கிளாடிஸின் பாரம் இழுப்பறையில் கிடப்பதைச் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கமாலுதீன் படுத்திருந்தவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். யந்திரம் கீச்சென்று கத்தியது. நோர்மா ஓடிவந்து, கையை அசைக்காதீர்கள் என்று மலாயில் கடிந்துகொண்டு போனார்.

"எத்தனை மாசமா கெடக்கு?"

"எட்டு ஆகுது."

"எட்டு மாசமா!" கமாலுதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் கடையில மத்தியானம் ரோடு வரைக்கும் லைன் நிக்கும். தட்டை ஏந்திட்டு முன்னாடி வருவானுங்க. ஒரே கேள்விதான் கேப்பேன், குழம்பு ஊத்தவா வேணாமா? சில பேரு அப்பத்தான் யோசிப்பான். பின்னாடி நாப்பது பேரு நிக்கிறது அவனுக்குத் தெரியாது. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. தட்டைப் புடிச்சிட்டு நிக்காதலா. உம் பொண்டாட்டி கரண்டியத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிது. கை வலிக்காதா அதுக்கு?"

"பார்க்கலாம்ணே."

கமாலுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு மீதி இரண்டு மணி நேரமும் அவரோடு பேசவில்லை. ஆரோக்கியநாதனுக்கு அதிலும் வருத்தம் இல்லை. மீன்களை எண்ணினார். பன்னிரண்டில் ஒன்று கல்லுக்குப் பின்னால் இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கிளாடிஸ் மூன்றாவது தடவை கேட்டாள். இந்தத் தடவை உட்கார்ந்து கேட்கவில்லை, சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள். அதே பதில்தான் கிடைத்தது. "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. புது வருஷத்தில் வாசலில் அந்த நடைச் சப்பாத்து இல்லை. காப்பிக்குச் சீனி திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்போலவே செடிகளை அழுத்திக் கெட்டி, கெட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்டில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள் என்பது ஆரோக்கியநாதனுக்குத் தெரியாது, அவர் லிஃப்டில் தனியாகத்தான் போய்வந்தார். வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. விஷயம் அடங்கிவிட்டது என்று நினைத்தார். அழுத்திப் பார்க்காமல் இலையை நம்பக் கூடாது என்று தொழிலில் கற்றுக்கொண்ட மனிதர், சொந்த வீட்டில் இலையைத்தான் பார்த்தார்.

கையெழுத்துப் போட்ட கதை சப்பென்று இருக்கும். யாராவது செத்துப்போனார்கள், கனவில் மாதா வந்தார், கமாலுதீனின் சொல் சுட்டது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை குவாந்தானுக்கு அனுப்ப ஒரு பார்சல் கட்டினார். நூல் தீர்ந்தது. புதுக் கண்டு எடுக்க இழுப்பறையைத் திறந்தார். கண்டோடு பாரமும் சேர்ந்து வந்தது. பார்சலில் முகவரி எழுதிய பேனா கையில் இருந்தது. ஆசை வந்ததா என்று ஒரு நொடி தனக்குள் பார்த்தார். வரவில்லை. இனி வராது என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டார். மரத்த விரல், அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது. அதைச் சாப்பாட்டு மேசையில் கிளாடிஸ் மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப்போகிற சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுத் தபால் நிலையத்துக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் டயாலிசிஸுக்குக் கிளம்பும்போதுதான் அவள் பார்த்தாள்.

"இது உங்க சைன்தானே?"

"ம்."

"நெஜமாவா?"

"ம்."

கிளாடிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு அழுகையோடேயே சிரித்தாள். விடிவதற்கு முன்பே வக்கீலுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள், அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள், ஆரோக்கியநாதனின் அக்காவுக்குச் சொன்னாள். நடுநடுவே அவர் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆறு மாதமாக வீட்டில் இல்லாத சத்தம் ஒரே காலையில் திரும்பி வந்தது. ஆரோக்கியநாதன் அவளைப் பார்த்தபடி, அடுப்பில் ரொட்டி கருகுகிறது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையையும் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். பழையது ஒன்றரை வருஷத்துப் பழையது, அது செல்லாது என்றார்கள். கிளாடிஸ் சந்தோஷமாகக் கையை நீட்டினாள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, வெறும் வயிற்றில் இனிப்புத் தண்ணீர் குடிக்கச் சொல்லி இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். அதற்கும் ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, இருவரையும் டாக்டரம்மா அறைக்குள் உட்கார வைத்தார்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கிளாடிஸுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்துவிட்டது. ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம், மாத்திரையும் நடையும் இருந்தால் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. அவளுடைய இரண்டும் இனி அவளுக்கே வேண்டும்.

"நான் டயட் இருக்கேன் டாக்டர். சீனி விட்டுடறேன், சோறு விட்டுடறேன். போன வருஷம் டெய்லி நடந்தேன், அஞ்சு கிலோ கொறைஞ்சேன். திரும்ப கொறைப்பேன். ஆறு மாசம் டைம் குடுங்க."

டாக்டரம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். அது சீனி அளவைக் குறைக்கிற விஷயம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பழைய கோப்பைப் புரட்டி, ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய தாளில் விரலை வைத்தார். அப்போது சீனி சரியாக இருந்திருக்கிறது. "அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், ஆரோக்கியநாதனை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

ஆரோக்கியநாதனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்ல முடியாது. இனி யாரும் கேட்கமாட்டார்கள், இனி முடிவு என்று எதுவும் எடுக்க வேண்டாம் என்று உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. அம்மாவைப் புதைத்த நாளிலிருந்து எண்ணினால், நாலரை வருஷம் கழித்து அவருக்குள் வந்த முதல் உணர்ச்சி அது. அது என்னவென்று புரிந்ததும் வெட்கம் வந்தது. அந்த அறையிலிருந்து எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வெயில் காய்ந்தது. கிளாடிஸ் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அவளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டு பையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பஸ்கள் வந்து போயின. இரண்டும் அவர்களுடையது இல்லை.

"உங்களுக்கு வருத்தமா இல்லியா?" என்றாள்.

அவர் உண்மையைச் சொன்னார். "மொதல்ல இல்ல. இப்ப இருக்கு."

அவள் மாத்திரைச் சீட்டைப் பைக்குள் தள்ளி மூடினாள். சாலையைப் பார்த்தபடியே பேசினாள்.

"வேணாம்னாவது சொல்லியிருக்கலாம்லாங்க."

"என்ன?"

"நான் மொத தடவ கேட்டப்ப. வேணாம்னு சொல்லியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். சாப்பிடாம கெடந்திருப்பேன். ஃபாதரைக் கூட்டிட்டு வந்திருப்பேன், உங்க அக்காவ வுட்டுப் பேச வச்சிருப்பேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு? ரெண்டே மாசத்துல உங்களை இழுத்துட்டுப் போய்ப் படுக்க வச்சிருப்பேன். நீங்க பார்க்கலாம்னு சொன்னீங்க. பார்க்கலாம்னு சொல்ற ஆளோட எப்படிங்க சண்ட போடறது?"

ஆரோக்கியநாதன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவளுடைய கையைப் பிடித்தார். இடது கையால்தான் பிடித்தார். அவள் கை சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப போடு, கிளாடிஸ்" என்றார். "என்னைத் திட்டு. இங்கயே வச்சுத் திட்டு. யாரு பார்த்தா என்ன?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, அழவும் இல்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

"பார்க்கலாங்க" என்றாள்.

தன் வாயிலிருந்து வரும்போது அந்தச் சொல் இத்தனை காலம் எப்படி இருந்திருக்கும் என்று அவர் அன்றைக்குத்தான் காதால் கேட்டார். அவருக்குப் பயம் வந்தது. ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் வராத பயம் முதுகுத்தண்டில் ஏறியது. அவளை உலுக்க வேண்டும் போலிருந்தது, சத்தம் போட்டு அழ வைக்க வேண்டும் போலிருந்தது. எப்படி என்று தெரியவில்லை. அவர்களுடைய பஸ் வந்தது. ஆரோக்கியநாதன் எழுந்து கையைக் காட்டி அதை நிறுத்தினார். படியில் ஒரு காலை வைத்தவர், அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார்.